உராய்வைப் புறக்கணிக்கவும்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு அகத்தூண்டுதல் என்று எதுவும் கிடையாது. மழை பெய்யவில்லை, மனம் கசியவில்லை, ஜன்னலோரம் எந்தப் பறவையும் வந்து உட்காரவில்லை. தொலைபேசி அடித்தது. எடுத்தேன். மாட்டிக்கொண்டேன்.

பேசியவர் ஒரு பதிப்பகத்தில் பள்ளிப் பாடநூல்களுக்குப் பொறுப்பாசிரியை. அவர் கைபட்டுத் திரும்பி வரும் பக்கங்கள் அடிபட்ட முழங்கால்போல் இருக்கும். அதனால் எழுதுகிறவர்கள் மத்தியில் அவருக்குச் 'சிவப்பு மை' என்று பெயர்.

"சார், பிள்ளைங்க இயற்பியல்னாலே எழுந்து ஓடுதுங்க. கதையாச் சொன்னா உட்காரும். நீங்கதான் சிரிக்கச் சிரிக்க எழுதுவீங்களே. ஒரு கணக்கு அனுப்பறேன், அதுக்குள்ள ரெண்டு மூணு மனுஷங்களைப் போட்டுக் குடுங்க."

கணக்கு வந்தது:

மாறாத விசை ஒன்று 1000 கிலோ நிறையுள்ள வண்டியை 6 மீ/வி² முடுக்கத்துடன் தள்ளுகிறது. அதே விசை 450 கிலோ நிறையைத் தள்ளினால் முடுக்கம் என்ன? (உராய்வைப் புறக்கணிக்கவும்.)

இரண்டு தடவை படித்தேன். பிறகு நானே அவரைக் கூப்பிட்டேன்.

"முதல்ல ஆயிரம் கிலோ இருந்துச்சு. அப்புறம் நானூத்தைம்பது. மிச்சம் ஐந்நூத்தைம்பது எங்கே போச்சு?"

"என்ன சார்?"

"வண்டியிலேர்ந்து இறங்கினது யாரு? உள்ளேயே இருக்கறது யாரு?"

"ஐயோ, அது கணக்கு சார். அதுல யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை." சிரித்தார். நானும் சிரித்தேன்.

போனை வைத்தபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடையில் காற்றடைத்துக்கொண்டு நிற்கிறவர்களைத் தேடிப்போய் ஊசி குத்துவது என் பிழைப்பு. உள்ளே காற்றைத் தவிர வேறொன்றும் இருக்காது என்ற தைரியத்தில்தான் குத்துவேன். இந்தக் கணக்குக்குள் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் பட்டது.

2

தொடக்கம் ஒன்று: காலை வெயிலில் அந்தத் தண்டவாளம் ஒரு வெள்ளி நாகம்போல

[போதும். தண்டவாளத்தைப் பார்த்து நாகம் என்று எழுதினவனைத் தண்டவாளத்திலேயே படுக்க வைக்க வேண்டும்.]

தொடக்கம் இரண்டு: நிறைந்த வண்டியைக் கண்டுதான் எல்லாரும் பயந்தார்கள்.

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

இடம் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. ராட்டினம், ஆடும் படகு, தண்ணீர்ச் சறுக்கு எல்லாம் உண்டு. புதிதாக ஒன்று வந்திருக்கிறது. நாளை திறப்பு விழா. அதற்கு மேலாளர் வைத்த பெயர் 'விண்ணேறி'. அங்கே வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'தவளை'. இரண்டாவது பெயரே பொருத்தம். தரையில் இருபது மீட்டர் நீளத்துக்கு நேர்த் தண்டவாளம். அப்புறம் அது வளைந்து மேலே திரும்பி, செங்குத்தாக இருபது மீட்டர் உயரம் போய், உச்சியில் ஒரு மஞ்சள் கட்டையோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. வானம்தான்.

எட்டு இருக்கை உள்ள வண்டி. பின்னாலிருந்து அழுத்தக் காற்று நிரம்பிய ஓர் உருளை ஒரே தள்ளாகத் தள்ளும். வண்டி பாய்ந்து, செங்குத்தில் ஏறி, தயங்கி, வந்த வழியே தொப்பென்று திரும்பி விழும். உள்ளே இருக்கிறவர்கள் அலறுவார்கள். அலறுவதற்கு இவ்வளவு ஏற்பாடு. எங்கள் வீட்டில் மின் கட்டணச் சீட்டு வந்தாலே போதும்.

அந்த உருளைக்கு ஒரே ஒரு குணம். எப்போதும் ஒரே அளவில்தான் தள்ளும். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது.

இதைச் சோதித்துச் சரி என்று சொல்லும் வேலை அக்காவுடையது. பொறியியல் பட்டயம் படித்தவள், முப்பத்தெட்டு வயது. பூங்காவில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த மேலாளருக்கும். எட்டு இருக்கையிலும் எட்டு மணல் மூட்டைகளை வைத்து, பட்டை கட்டி, வண்டியும் மூட்டையுமாக ஆயிரம் கிலோவாக்கி, அவள் தவளையைத் தள்ளிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு மீட்டர் ஏறி, ஒழுங்காகத் திரும்பியது. அந்த உயரத்தில் தண்டவாளத்துக்குச் சிவப்புப் பட்டை அடித்தார்கள். மேலாளர் கைதட்டினார். மணல் மூட்டைகள் எதுவும் சொல்லவில்லை.

"முழுச் சுமையைத் தாங்கிடுச்சுன்னா எதையும் தாங்கும்" என்பது அவர்கள் தொழிலில் மூச்சு விடுவதுபோல. ராட்டினத்துக்கு அது உண்மை. ஆடும் படகுக்கு உண்மை. ஆணி, சங்கிலி, படிக்கட்டு, பாலம் எல்லாவற்றுக்கும் உண்மை.* அதனால் காலி வண்டியை யாரும் தள்ளிப் பார்க்கவில்லை. சோறு போடாத தட்டு தாங்குமா என்று யார் சோதிப்பார்கள்?

* இந்த இடத்தில் அக்காவை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்களும் நானும் வாழ்நாள் முழுக்கக் கனத்தைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறோம். இலேசானதைக் கண்டு பயப்பட நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

3

இவளைக் கதையில் விடலாமா என்று எனக்கு இன்னமும் சந்தேகம். ஆனால் விட்டாயிற்று.

அக்காவின் தங்கை. நுழைவாயிலில் சீட்டுக் கொடுக்கிறாள். வேலை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். ஐம்பது கிலோ. நடந்தால் தரைக்குத் தெரியாது என்று எல்லாரும் 'பஞ்சு' என்கிறார்கள். வாய் மட்டும் இலவம்பஞ்சு இல்லை, இரும்பு.

நான் முதலில் இவளை ஒரு சோகக்காரியாக எழுதினேன். காதல் தோல்வி, ஜன்னல், கன்னத்தில் கை. அடுத்த பத்தியிலேயே எழுந்துபோய்விட்டாள். பிறகு அக்காவும் தங்கையும் பெரிய கடை ஒன்றில் வீட்டுச் சாமான் வாங்கும் காட்சியை எழுதினேன். அதில் நின்றாள்.

நிறையச் சாமான் ஏற்றிய தள்ளுவண்டியை அக்கா தன் முழுப் பலத்தையும் போட்டு நகர்த்திக்கொண்டு வந்தாள். பணம் கட்டும் இடத்தில் சாமான்களையெல்லாம் இறக்கியாயிற்று. காலி வண்டியை ஓரமாக விட, அதே கையால், அதே பலத்தோடு ஒரு தள்ளு. வண்டி கையை விட்டுப் பறந்துபோய், பிஸ்கட் டின் அடுக்கியிருந்த கோபுரத்தில் மோதியது. கோபுரம் சரிந்தது.

"அக்கா! அது என்ன பாவம் பண்ணிச்சு?"

"நான் மெதுவாத்தான்டி தள்ளினேன்!"

"நீ எதைத்தான் மெதுவாப் பண்ணியிருக்கே? உன்கூடக் கடைக்கு வர்றதுக்கு அந்தத் தவளையில ஏறிடலாம். அதுலயாவது பெல்ட் இருக்கு."

கடைக்காரர் முறைக்க, இரண்டு பேரும் குனிந்து டின் பொறுக்கினார்கள். சிரிப்பில் அக்காவின் தோள் குலுங்கியது. ஆனால் அவள் உள்ளங்கையில் ஒரு வெறுமை தங்கிவிட்டது. பிடித்திருந்த ஒன்று திடீரென்று பிடியில் இல்லாமல் போன வெறுமை. அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

[பாவாடை வேண்டாம், சுடிதார். அது சரி, துடைத்தால் போகிற விஷயமா இது?]

இந்தக் காட்சியை எழுதி முடித்தபோது, கதை எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பேனாவை மூடினேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோது பக்கம் அங்கேயே இருந்தது.

4

என் முதல் படியில் ஆபத்தே இல்லை. சத்தியமாக. திறப்பு விழாவுக்கு முந்திய நாள் மதியம். விளம்பரத்துக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். வண்டியில் எட்டுப் பேரை ஏற்றியிருந்தேன். பஞ்சு, மேலாளர், மேலாளரின் மனைவி, கணக்காளர், தோட்டக்காரர், வாயில் காவலர், மணல் மூட்டை தூக்கும் ஆட்கள் இருவர். பஞ்சுவைத் தவிர மற்ற ஏழு பேரும் சேர்ந்து ஐந்நூற்றைம்பது கிலோ. வண்டியோடு ஆயிரம். முடுக்கம் ஆறு. உயரம் பன்னிரண்டு. அலறி, இறங்கி, தேநீர் குடித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

சிவப்பு மை கூப்பிட்டார்.

"சார், ஆள் ஜாஸ்தி. பிள்ளைங்க குழம்பிடும். தோட்டக்காரரும் காவலரும் எதுக்கு?"

"அலறுறதுக்கு."

"அலற மத்தவங்க போதும் சார்."

இருவர் பெயரையும் பேனாவால் அடித்தேன். தோட்டக்காரர் குழாயை மூட மறந்துவிட்டேன் என்று இறங்கி ஓடினார். காவலர், வாயிலில் ஆள் இல்லையே என்று அவர் பின்னாலேயே போனார். வண்டி எண்ணூற்றைம்பது கிலோவானது. இருவரும் போன இடத்தில் எதுவும் நடக்கவில்லை. இருக்கிறவர்களுக்குத்தான் முதுகில் தள்ளு கூடியது. முடுக்கம் ஏழைத் தாண்டியது.

கணக்கு ரொம்ப எளிது, பயமே அதில்தான். நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கினால் எப்போதும் ஆறாயிரம் வர வேண்டும். ஒன்று குறைந்தால் மற்றது ஏறியே தீரும். எவ்வளவு உயரம் போகும் என்பதற்கும் அதே சட்டம்: நிறையையும் உயரத்தையும் பெருக்கினால் பன்னிரண்டாயிரம். மேலே தண்டவாளம் இருபது மீட்டர் என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன். அதை முப்பதாக்கலாமே என்று கேட்பீர்கள். முயன்றேன். "வரைபடம் அச்சுக்குப் போயாச்சு சார்" என்றார் சிவப்பு மை.

அடுத்து: "கணக்காளரும் மேலாளர் மனைவியும் ஒண்ணுமே பேசலை. அலங்காரத்துக்கா?"

கணக்காளருக்குத் தலைசுற்றல். அம்மையாருக்குக் கூந்தல் கலைந்துவிடும் என்ற கவலை. இறங்கினார்கள். எழுநூறு கிலோ. முடுக்கம் எட்டரை. உயரம் பதினேழு.

மேலாளரை யாரும் இறக்கவில்லை. அவரே இறங்கினார். அவர் சாதாரணமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒலிபெருக்கி இல்லாத இடத்திலும் ஒலிபெருக்கியை எதிர்பார்த்துத்தான் பேசுவார்.

"அக்கா, இது வெறும் வண்டி ஓட்டம் இல்லை. ஒரு வரலாற்றுத் தருணம்! படத்துல நான் முன்னாடி நிக்கணும். பின்னாடி விண்ணேறி பாயணும். தலைமை முன்னாலதானே நிக்கும்?"

"தலைமை கொஞ்சம் தள்ளியே நிக்கட்டும் சார்" என்றாள் அக்கா. "அது தண்டவாளம்."

மேலாளர் நூறு கிலோ. அவர் பேச்சைக் கேட்டவர்கள் எல்லாம் அவரை வெறும் காற்று என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் அவர் இறங்கியதும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு மேலே எழும்பியதை அக்கா பார்த்தாள். அறுநூறு கிலோ. முடுக்கம் பத்து. உயரம் சரியாக இருபது. மஞ்சள் கட்டையைத் தொட்டும் தொடாமலும்.

வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு பெரிய மனிதர் பதவியில் உட்கார்ந்தே இருந்திருக்கலாமே என்று ஆசைப்பட்டேன்.

மிச்சம் இருந்தது பஞ்சுவும், மணல் மூட்டை தூக்கும் இருவரும்.

5

"அந்த மூட்டைக்காரங்க சார்."

"வேண்டாங்க."

"கதையில ஒரு வேலையும் இல்லையே அவங்களுக்கு."

"எடை இருக்கு."

"நிறைன்னு சொல்லுங்க சார். எடைன்னா பிள்ளைங்களுக்குத் தப்பாப் போயிடும். அதோட கணக்குல நானூத்தைம்பதுதான் வரணும். அறுநூறு வந்தா விடை முழு எண்ணா வந்துடும், ரொம்ப சுலபம்."

நான் அடிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் கதைக்குள் மேலாளர், கைபேசியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, முகம் சுளித்தார்.

"யாரது பின்னாடி, அழுக்குச் சட்டையோட? படம் கெட்டுடும். அந்தப் பொண்ணு மட்டும் போதும். முன் இருக்கை. தனியா. சிரிச்ச முகம். சுதந்திரம்! அதுதான் வேணும் எனக்கு."

இருவரும் எழுந்தார்கள். ஆசையாகத்தான் ஏறியிருந்தார்கள், நாள் முழுக்க மூட்டையை ஏற்றி இறக்குகிற வண்டியில் தாங்களும் ஒருமுறை போய்வரலாம் என்று. கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிச் சாப்பாட்டு நேரம் என்று போய்விட்டார்கள்.

மணல் மூட்டைகள் எட்டும் சுவரோரம் அடுக்கி இருக்கின்றன. இரண்டைத் தூக்கி வண்டியில் போட்டால் தீர்ந்தது. அக்கா மனதிலும் அது வந்தது. வந்ததை நான் பார்த்தேன். ஆனால் ஒரு மூட்டை எழுபத்தைந்து கிலோ. தூக்குகிற ஆட்களைத்தான் இப்போது இறக்கி அனுப்பியாயிற்றே.

வண்டி: நானூறு. பஞ்சு: ஐம்பது.

6

கட்டுப்பாட்டு அறை என்பது ஒரு கண்ணாடிக் கூண்டு. ஒரு நாற்காலி, ஓர் ஒலிவாங்கி, வண்டியில் இருப்பவர் குரல் கேட்க ஓர் ஒலிபெருக்கி, அழுத்தம் காட்டும் முள், ஒரு பச்சைப் பொத்தான். பொத்தானை அழுத்த அக்காவுக்கு மட்டும்தான் அனுமதி. வேறு யாராவது அழுத்துவார்கள் என்று எழுதிக் கையைக் கழுவ வழியே இல்லை.

"பட்டையை இழுத்துப் பாரு" என்றாள் ஒலிவாங்கியில்.

"இழுத்துட்டேன்."

"இன்னொரு தடவை."

"அக்கா, இதுக்கு மேல இழுத்தா இடுப்பு ரெண்டாயிடும். நீ ஏன் மூஞ்சியை அப்படி வச்சிருக்கே? நான் என்ன நிலாவுக்கா போறேன்?"

அக்கா சிரிக்கவில்லை. தண்டவாளத்தை மேலே வரை பார்த்தாள். சிவப்புப் பட்டை. அதற்கு மேல் வெறும் தண்டவாளம். அதற்கும் மேல் மஞ்சள் கட்டை. இவ்வளவு நாளும் அந்த மேல் பகுதி பார்க்க அழகாக இருக்கத்தான் போட்டதுபோல் இருந்தது. இன்று அதன் நீளத்தைக் கண்ணாலேயே அளந்தாள்.

இங்கேதான் சிவப்பு மையின் கடைசி நிபந்தனை. ஒவ்வொரு பாடத்திலும் ஒரு கட்டம் உண்டாம்: 'மாணவர்கள் பொதுவாகச் செய்யும் பிழை'. சரியான விடைக்கு முன்னால் தப்பான விடையைக் காட்ட வேண்டும்.

"யாராவது ஒருத்தர் அந்தத் தப்பைப் பண்ணணும் சார்."

"யாரு?"

"உங்க அக்காவே பண்ணட்டும். அப்பத்தான் மனசுல நிக்கும்."

அக்கா கணக்குப் போட்டாள். காகிதம் இல்லை, விரலால் மேசைமீது. ஆயிரம் கிலோவுக்கு ஆறு. நானூற்றைம்பது என்றால் பாதிக்கும் குறைவு. அப்போ முடுக்கமும் பாதிக்கும் குறைவு. இரண்டே முக்கால்கூட வராது. ஆள் பாதியானால் அரிசி பாதி, துணி பாதி, எல்லாம் பாதி. வாழ்க்கை முழுக்க அப்படித்தானே குறைந்துவந்திருக்கிறது?

மெதுவாத்தான் போகும், என்று தனக்குத்தானே சொன்னாள். முழுச் சுமையையே தாங்கினது.

சொல்லிவிட்டு வலது கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் அந்த வெறுமை. காலி வண்டி கையை விட்டுப் பறந்தபோது வந்த அதே வெறுமை. பிஸ்கட் டின் உருளும் சத்தம் காதில் கேட்டது. ஏன் இப்போது அது ஞாபகம் வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. தலை ஒரு விடை சொன்னது. கை வேறொன்று சொன்னது. தலை பட்டயம் வாங்கியிருக்கிறது, கை வாங்கவில்லை.

"அக்கா! வரலாறு காத்துக்கிட்டிருக்கு!" கீழே மேலாளர், கைபேசியோடு.

"வரலாறு ஒரு நிமிஷம் நிக்கட்டும் சார்."

"வெயில் போயிடும்மா! நேத்து வரைக்கும் நீங்கதானே சொன்னீங்க, எல்லாம் சரியா இருக்குன்னு?"

சொன்னது அவள்தான்.

"அக்கா, பயந்தாங்கொள்ளி அக்கா" என்றது ஒலிபெருக்கியில் பஞ்சுவின் குரல். "தலைமுடி பறக்கணுமாம். பறக்க விடு."

அக்கா விரலைப் பொத்தான்மீது வைத்

7

[முடிவு அ]

அக்கா விரலை எடுத்தாள். பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது. 'விசை மாறாதபோது நிறையும் முடுக்கமும் எதிர்விகிதத்தில் மாறும்!' என்று முகம் மலர்ந்தாள். ஆயிரத்தை ஆறால் பெருக்கி நானூற்றைம்பதால் வகுத்தாள். பதின்மூன்று புள்ளி மூன்று மூன்று. உயரம் இருபத்தாறைத் தாண்டும். "பஞ்சு, இறங்கு!" எல்லாரும் கைதட்டினார்கள்.

சிவப்பு மைக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கோ எழுதும்போதே கூசியது. எந்த மனுஷி தங்கையின் உயிர் ஊசலாடும்போது இலக்கண சுத்தமாக விதி சொல்வாள்? சரியான விடை சரியான நேரத்துக்கு வருவது பாடநூலில் மட்டும்தான். கடைசிப் பக்கத்தில் அச்சடித்து வைத்திருப்பார்கள். அந்தக் கண்ணாடிக் கூண்டில் கடைசிப் பக்கம் கிடையாது. ஒரு பொத்தான் இருக்கிறது, கீழே ஒருவர் கத்துகிறார், மேலே வெயில் நகர்கிறது.

[முடிவு ஆ]

வண்டி சிவப்புப் பட்டையைக் கடந்தபோது அதன் வேகம் குறையவில்லை. பஞ்சு இன்னமும் சிரித்துக்கொண்டுதான்

இல்லை. என்னால் முடியாது. இந்த வரியை எழுதிய பேனாவைத் தூக்கி மேசைக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன்.

8

எழுந்து குளியலறைக்குப் போனேன். அங்கே எடை பார்க்கும் கருவி ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. ஏறி நின்றேன். என் மனைவி துண்டோடு வந்து பார்த்தாள்.

"எழுதறேன்னு உள்ளே போனீங்க. இங்கே என்ன ஆராய்ச்சி?"

"எண்பத்திரண்டு."

"அதுல கர்வம் எத்தனை கிலோ?"

"அதையும் சேர்த்துத்தான்."

"முகம் ஏன் வெளுத்திருக்கு? கதைக்குள்ள யாரையாவது ஏதாவது பண்ணிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"பண்ணாதீங்க" என்றாள். அவ்வளவுதான். துண்டைக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு உயரம் என்றால் ஆகாது. ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏறினதில்லை. ஊசி குத்துகிறவன் எப்போதும் தரையில் நின்றுதான் குத்துவான். அதுதான் எங்கள் சௌகரியம். இருந்தாலும் பூட்டைத் திறந்து பேனாவை எடுத்தேன்.

9

அக்காவின் விரல் பொத்தான்மீது இருக்கிறது. இன்னும் அழுத்தவில்லை. அவள் நெற்றியில் வியர்வை. அந்த வாக்கியத்தை நான் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். ரொம்ப நேரம் தாங்காது.

மேலாளர் வெயிலைப் பார்க்கிறார். அந்த இடைவெளியில் நான் தண்டவாளத்தைக் கடந்து, வண்டியில் ஏறி, பஞ்சுவுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். இரும்புக் கொக்கியோடு பட்டை மடியில் வந்து விழுகிறது. சில்லென்று இருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் தண்டவாளம் நிமிர்ந்து எழுகிற இடம் சுவர்போல் தெரிகிறது.

பஞ்சு திரும்பிப் பார்க்கிறாள். "யாரு நீங்க?"

"எழுதறவன்."

"படத்துல விழப்போறீங்க. அவரு கத்துவாரு."

"கத்தட்டும்."

"பட்டையை ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க, பயமா?" என்கிறாள். கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "எனக்கும்தான். அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

இவ்வளவு நேரமும் அவளுக்குப் பயமே இல்லை என்று நினைத்துத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது கணக்கு. வண்டி நானூறு, பஞ்சு ஐம்பது, நான் எண்பத்திரண்டு. மொத்தம் ஐந்நூற்று முப்பத்திரண்டு. பன்னிரண்டாயிரத்தை இதால் வகுத்தால் இருபத்திரண்டரை. தண்டவாளம் இருபதோடு முடிகிறது. என் கர்வத்தையும் சேர்த்தே எண்ணியும் இரண்டரை மீட்டர் வானம் மிச்சம் இருக்கிறது. அறுநூறு கிலோ ஆக இன்னும் அறுபத்தெட்டு வேண்டும்.

என் கதையில் வேறு ஆள் இல்லை. எல்லாரையும் அடித்தாயிற்று. சிவப்பு மையைக் கேட்டால் புதிய பாத்திரத்துக்கு இடமில்லை என்பார். நீங்கள் பாத்திரம் இல்லை. அதனால் உங்களை அடிக்க அவரால் முடியாது.

நீங்கள் எத்தனை கிலோ? மரியாதைக்குக் கூட்டிச் சொல்ல வேண்டாம். வழக்கம்போல் குறைத்தும் சொல்ல வேண்டாம். அறுபத்தெட்டுக்கு மேல் என்றால் நல்லது. அதற்குக் கீழே என்றால் பக்கத்தில் இருக்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மடியில் கிடக்கும் பிள்ளையை மட்டும் விட்டுவிட்டு வாருங்கள். சரியாக அறுபத்தெட்டு என்றால் வண்டி கட்டைக்கு மயிரிழையில் போய் நிற்கும். அப்போது நம்மைப் பிடித்து இழுக்கப்போவது சக்கரத்தில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் துருவும், எதிரே வரும் காற்றும்தான். முதல் வரியிலிருந்து புறக்கணிக்கச் சொன்னார்களே, அதுதான்.

கூண்டுக்குள் அக்கா ஒலிவாங்கியை வாயருகே இழுக்கிறாள். "மூணு" என்று தொடங்குகிறாள்.

பஞ்சு என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, பக்கத்தின் வெளியே, நீங்கள் இருக்கிற திசையில் பார்க்கிறாள். தன் பக்கத்தில் காலியாக இருக்கும் இருக்கையைக் கையால் இரண்டு தடவை தட்டுகிறாள்.